யூட்டாக்காரர் மிச்சிகன் போகிறார்

இடுப்பில் துப்பாக்கியோடு மிச்சிகனுக்குள் போகலாமா என்று வெர்னன் கேட்டபோது கமலாட்சியின் அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையால் மூடியைத் தூக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த மடிக்கணினியில் மறுகையால் “வணக்கம் ஐயா, இதோ பார்த்துச் சொல்கிறேன்” என்று ஆங்கிலத்தில் தட்டினாள். யங்கோனில் அப்போதுதான் விடிந்திருந்தது. வெர்னன் இருக்கும் இந்தியானாவிலோ முந்தைய நாள் ராச்சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். மறுநாள் பயணத்துக்குப் பெட்டி கட்டும் அமெரிக்கர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் இப்படிப்பட்ட சந்தேகங்களோடு வந்து நிற்பார்கள்.

அவள் வேலையே அதுதான். துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு மாநிலம் கொடுத்த அனுமதி அடுத்த மாநிலத்தில் செல்லுமா, செல்லாதா என்று சந்தா கட்டியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. கேள்வி கணினியில் வரும். பதில் ‘காமி’ என்கிற சுருக்கப் பெயரில், யங்கோனின் போட்டாதாங் வட்டாரத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் கமலாட்சியின் சமையலறையிலிருந்து போகும். அங்கே ஐம்பது மாநிலம், ஐம்பது சட்டம். சேர்ந்த முதல் வாரம் அவளுக்குத் தலை சுற்றியது. பிறகு ஒருநாள், வெங்காயம் நறுக்கும்போது, சட்டென்று பிடிபட்டது. இது புருஷன் வீட்டுச் சொந்தபந்தம் மாதிரிதான். யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள், யார் நனைக்கமாட்டார்கள் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். இல்லினாய்ஸ் வெளியார் அனுமதி எதையும் மதிக்காது. அது பெரிய நாத்தனார். இந்தியானா யார் வந்தாலும் இலை போடும். வெர்மான்ட் அனுமதி கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. சாமியாராகப் போன சித்தப்பா. மிச்சிகன் எல்லா மாநிலத்துக் காகிதத்தையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. அந்தக் காகிதத்தை நீ குடியிருக்கும் மாநிலம் கொடுத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பட்டுப்புடவையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வராதே என்பது மிச்சிகனின் கொள்கை.

இத்தனை சட்டம் பேசும் கமலாட்சி தன் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை. இந்த ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாரிடமும் சந்தேகம் கேட்பதும் இல்லை. “வீதியில ஒரு டயர் வெடிச்சா கட்டிலுக்கு அடியில போற ஆளு, அமெரிக்காவுக்கே துப்பாக்கிச் சட்டம் சொல்லுது” என்று அவள் புருஷன் கணேஷ்குமார் படகுத்துறையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை வழிவதை அவளும் பார்த்திருக்கிறாள்.

வெர்னனுக்குப் பேச்சு நிற்கவில்லை. “நான் யூட்டாக்காரன். அனுமதியும் யூட்டா கொடுத்தது. மனைவி காலமான பிறகு நாலு வருஷமாக இங்கே இந்தியானாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இருந்தாலும் யூட்டாக்காரன்தான். நாளை விடிந்ததும் கிளம்பி மிச்சிகனில் ஒரு பழைய சிநேகிதனோடு மீன் பிடிக்கப் போகிறேன். அவன் பிடிக்கிற மீனைவிட அவன் சொல்கிற பொய் பெரிது” என்று எழுதினார். எந்த மாநிலம் எந்த அனுமதியை ஏற்கும் என்று காட்டும் வரைபடத்தைக் கமலாட்சி சிரித்துக்கொண்டே பார்த்தாள். யூட்டாக்காரர், யூட்டா அனுமதி. சொந்தப் புடவை. “தாராளமாகப் போய்வாருங்கள் ஐயா” என்று எழுதி, ஒரு சிரிப்புப் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். அவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, பிடிக்கிற பெரிய மீனுக்கு அவள் பெயர் வைப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பகல் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பருப்பு அடிப்பிடித்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

மத்தியானம் அவள் அண்ணன் கார்த்திகேசன் மோல்மேனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி, தலையில் இருந்த ரம்புட்டான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஏ புள்ள, மேல இன்னும் ரெண்டு மாடி ஏறினா சொர்க்கம் வந்துடும் போல” என்றான். அவன் வந்து உட்கார்ந்ததும் மின்சாரம் போனது. அது போவதும் வருவதும் யங்கோனில் பருவமழை மாதிரி. யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. இனி மாலைதான் வரும்.

ராத் தங்க வருகிற எவரையும் பொழுது சாய்வதற்குள் வார்டு ஆபீஸில் போய்ச் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். சொல்லாமல் தங்கி, ராச்சோதனைக்கு ஆள் வந்துவிட்டால் விருந்தாளிக்கும் வம்பு, வீட்டுக்காரருக்கும் வம்பு. எப்போதும் இந்த வேலையைக் கணேஷ்குமார்தான் பார்ப்பான். அன்று துறையில் சரக்குப் படகு வந்து அவன் மாட்டிக்கொண்டதால், அண்ணனைக் கூட்டிக்கொண்டு கமலாட்சியே போனாள்.

ஆபீஸில் டோ கின் ஸான் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசிய, எதற்கும் அவசரப்படாத அம்மாள். கமலாட்சி பர்மியத்தில் விஷயத்தைச் சொல்ல, அவரும் பர்மியத்திலேயே விசாரித்தார்.

“விருந்தாளி கார்த்திகேசன், மோல்மேன். சரி. வீட்டுக்காரர் யாரு?”

“நான்தான் டோ கின் ஸான்.”

அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீயும் விருந்தாளிதானேம்மா? ஒன் பேரு ஷ்வேப்யிதாவுல குடும்பப் பட்டியல்ல இல்ல இருக்கு? ஒன் புருஷன் கணேஷ்குமாரும் விருந்தாளி. ஒம்பது வருசமா வந்து வந்து விருந்தாளின்னு பதிஞ்சுட்டுப் போறாரே, ஒனக்குத் தெரியாதா?”

“அப்ப வீட்டுச் சொந்தக்காரர் பேரைப் போட்டுக்குங்க.”

“அவரு சிங்கப்பூர்ல இருக்காரு. விருந்தாளி எப்பிடிம்மா விருந்தாளியைச் சேத்துக்க முடியும்?”

கார்த்திகேசனுக்கு அடக்க முடியவில்லை. “அப்ப அந்த ஊட்டுல யாருதான் ஊட்டுக்காரவுக? கரப்பான் பூச்சியா?” என்று தமிழில் கேட்டான். கமலாட்சி அதைப் பர்மியத்தில் சொல்ல, டோ கின் ஸான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இதில் கமலாட்சிக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் ஒருவருக்கு ஊர் என்பது அவர் பெயர் பட்டியலில் இருக்கிற ஊர்தான். கல்யாணமாகி வந்தபோது யங்கோனின் வடகோடியில் இருக்கும் ஷ்வேப்யிதாவில் மச்சினர் வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. அதை இங்கே மாற்ற நாலு ஆபீஸ் படி ஏற வேண்டும் என்பதால் அங்கேயே கிடந்தது. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் வாயில் ஷ்வேப்யிதா என்றுதான் வரும். அவளுக்குத் தெரிந்த பாதிப் பேர் இப்படித்தான்; உடம்பு ஓர் ஊரில், பெயர் ஓர் ஊரில்.

“சட்டத்துக்கு நீ ஷ்வேப்யிதாக்காரி” என்று டோ கின் ஸான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “ஆனா சோறு பொங்குறது இங்க, தூங்குறது இங்க. வேற தேசமா இருந்தா ஒன்னைய இந்த ஊர்க்காரின்னுதான் எழுதிக்குவான்.”

கமலாட்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. வேறு தேசம். வெர்னன் தூங்குவது எங்கே? இந்தியானாவில். நாலு வருஷமாக. அந்தத் தேசத்தில் யாருக்கும் பட்டியல் கிடையாது. யூட்டாக்காரன் என்று அவர் சொன்னதும், பெயர் யூட்டாவில் இருக்கிறது, அப்படியானால் ஆளும் யூட்டாதான் என்று ஷ்வேப்யிதாக்காரி புத்தி முடிவு கட்டிவிட்டது. மிச்சிகனுக்கோ படுக்கை எங்கே விரித்திருக்கிறது என்பதுதான் பேச்சு. இந்தியானாவில் குடியிருப்பவர் கையில் யூட்டா கொடுத்த அனுமதி அங்கே இரவல் புடவை. எல்லையில் யாரும் நிறுத்தமாட்டார்கள். ஆனால் உள்ளே எங்காவது ஒரு போலீஸ்காரன் வண்டியை ஓரம் கட்டச் சொன்னால், அந்த நல்ல மனுஷன் அவளை நம்பித் தானாகவே இடுப்பைக் காட்டுவார். அங்கே அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். வருஷக்கணக்கில்.

சுவரில் மணி மூன்றைத் தாண்டியிருந்தது. இந்தியானாவில் விடிவதற்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

“சரி, ஒன் பேரையே போட்டுட்டேன், கையெழுத்து!” என்று டோ கின் ஸான் பின்னால் கூப்பிட்டார்.

“இதோ வந்துடுறேன்!” என்று கத்திக்கொண்டே அவள் படியிறங்கினாள். “என்ன புள்ள ஆச்சு?” என்று அண்ணன் பின்னால் ஓடிவந்தான். ஓட்டத்திலேயே சொன்னாள். பாதிதான் அவனுக்குப் புரிந்தது. ஒரு பெரியவர் ஜெயிலுக்குப் போகப்போகிறார், அதற்குக் காரணம் தன் தங்கச்சி என்கிற பாதி.

வீட்டில் மின்சாரம் இல்லை. கம்பெனிக்குள் நுழைய அந்த ஒரு மடிக்கணினிக்குத்தான் அனுமதி. அதன் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. துறைக்குப் போகும் வீதியில் படகு எஞ்சின் சாமான் விற்கும் நசீர் பாய் கடையில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் நடுவில் ஸ்ட்ராண்ட் ரோடு முனையில் பட்டாளத்தார் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். கணினியைத் திற என்று சொன்னால் உள்ளே முழுக்கத் துப்பாக்கிப் பேச்சு, துப்பாக்கி வரைபடம். அதற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வெர்னன் மிச்சிகனிலும் அவள் இங்கேயும் உள்ளே போய்விடுவார்கள். கார்த்திகேசன் ரம்புட்டானைத் தரையில் கொட்டி, கணினியைத் துண்டில் சுற்றிக் கூடைக்கு அடியில் வைத்து, பழத்தை மேலே அள்ளிப் போட்டான்.

முனையில் நின்றவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தோளில் குறுக்காகத் தொங்கிய துப்பாக்கி அவனைவிடப் பெரியவன் போல இருந்தது. கமலாட்சி இவ்வளவு பக்கத்தில் ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கு எந்த மாநிலத்து அனுமதி என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

“கூடையில என்ன?”

“மோல்மேன் ரம்புட்டான். சாப்பிட்டுப் பாருங்க, சர்க்கரை!” என்று கார்த்திகேசன் தன் உடைந்த பர்மியத்தில் உற்சாகமாகச் சொல்லி ஒரு கொத்தை எடுத்து நீட்டினான். பையன் முகம் மலர்ந்தது. அண்ணனுக்கு அது போதாதா? இன்னொரு கொத்து, கூட நின்றவனுக்கு ஒரு கொத்து என்று மனசு இளகி அள்ள ஆரம்பித்தான். கூடையில் துண்டின் ஓரம் தெரிந்தது. கமலாட்சி அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

“போதும்ணே. பாவம், ரெண்டு கையிலயும் பழத்தை வச்சிக்கிட்டு அவுக எப்பிடி காவல் காப்பாக?”

அதைப் பர்மியத்திலும் சொன்னாள். இரண்டு பையன்களும் சிரித்துவிட்டார்கள். போகச் சொல்லிக் கைகாட்டினார்கள். திருப்பம் தாண்டியதும் கமலாட்சி சுவரில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். “நீ தானம் பண்ணது போதும், நட” என்றாள்.

நசீர் பாய் கதையைக் கேட்டார். “யா அல்லா, வயசான மனுஷனா? உக்காரு தங்கச்சி” என்று ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார். அது இருமியது. மறுபடி இழுத்தார். மறுபடி இருமியது. எதிர்த்த லபெக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோக்கை இழு, பிளக்கைத் துடை, சாய்த்துப் பிடி. கடைசியில் கார்த்திகேசன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மோல்மேன் சாமிகளை எல்லாம் கூப்பிட்டு இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து அவன் கையோடு வந்தது; ஆனால் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நசீர் பாயின் கைப்பேசியிலிருந்து இணையம். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகக் கம்பெனி திறந்தது. வெர்னனுடைய பேச்சு ‘முடிந்தது’ என்று மூடியிருந்தது. முடிந்ததை மேலாளரைக் கேட்காமல் திறக்கக்கூடாது. திறந்தால் ஏன் என்று எழுத வேண்டும். தப்பான பதில் என்று எழுதினால் அது அவள் பேரில் நிற்கும். இந்த வேலை போனால் இதுபோல் இன்னொன்று கிடைக்காது. அவள் விரல் ஒரு கணம் தயங்கியது. மேலாளர் பதில் சொல்ல ஒருநாள் ஆகும். அழுத்திவிட்டாள்.

“ஐயா, கிளம்பிவிட்டீர்களா? நான் காமி. நேற்று உங்களிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.”

ஜெனரேட்டர் தடதடத்தது. கார்த்திகேசன் பழம் உரிப்பதை நிறுத்தியிருந்தான். அப்புறம், அவர் எழுதுகிறார் என்று காட்டித் திரையில் மூன்று புள்ளிகள் துள்ளின.

“காபி கையில், துப்பாக்கி இடுப்பில், சாவி மேசையில்” என்று எழுதினார் வெர்னன். “என்ன தப்பு? நான் யூட்டாக்காரன், அனுமதியும் யூட்டா என்றுதானே சொன்னேன்?”

“நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை ஐயா. நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?”

“மகள் வீட்டில்.”

“மீன் பிடித்துவிட்டு எங்கே திரும்பி வருவீர்கள்?”

“மகள் வீட்டுக்கு. வேறு எங்கே? யூட்டா வீட்டைத்தான் விற்றாயிற்றே.”

“அப்படியானால் சட்டப்படி நீங்கள் இந்தியானாக்காரர் ஐயா. மிச்சிகனுக்கு இந்தியானா கொடுத்த அனுமதிதான் செல்லும். வாங்கிக்கொண்டால் அடுத்த முறை தாராளமாகக் கொண்டுபோகலாம். இன்றைக்கு வேண்டாம். தப்பு முழுக்க என்னுடையது.”

கொஞ்ச நேரம் கழித்து, “துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்” என்று வந்தது. கமலாட்சி அதைத் தமிழில் உரக்கச் சொன்னாள். நசீர் பாய் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். லபெக்கடையில் யாரோ கை தட்டினார்கள். அவர்களுக்கு எது புரிந்ததோ. வேலை இருக்கிறதோ போகிறதோ, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கமலாட்சிக்கு இருந்தது. மூடிவிட்டு எழுந்துகொள்ள நினைத்தபோது புள்ளிகள் மறுபடி துள்ளின.

“இந்தியானா அனுமதி கேட்டால் இந்த வீட்டை என் விலாசமாக எழுத வேண்டுமே?”

“ஆமாம் ஐயா.”

“நாலு வருஷமாக மகளிடம் நான் விருந்தாளி என்றுதான் சொல்லிவருகிறேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடுவேன் என்று. அவளுக்குப் பாரமாகிவிடக் கூடாதே. சட்டையெல்லாம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.”

கமலாட்சி இதையும் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். எங்கேயோ கண்காணாத ஒரு கிழவனுக்காக நடுக்கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கேலி செய்யவில்லை.

“அந்தப் புள்ள எங்க இருக்கு இப்ப?” என்றார் நசீர் பாய்.

கேட்டாள். “அடுப்படியில். எனக்கு வழிக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்” என்று பதில் வந்தது.

“போய்ச் சொல்லச் சொல்லு தங்கச்சி. இப்பவே. அவரு அந்த வீட்டு ஆளுதான்னு அவுக சட்டமே சொல்லிருச்சுல்ல?”

“போய்ச் சொல்லுங்கள் ஐயா” என்று எழுதினாள்.

புள்ளிகள் நின்றுவிட்டன. தகரக்கூரையில் மழை பிடித்துக்கொண்டது. நசீர் பாய் ஜெனரேட்டர் அணைந்துவிடாமல் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தார். கார்த்திகேசன் பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது அவனுக்கு. மீன் பிடிக்கிற சிநேகிதன் கரையிலும், டோ கின் ஸான் கையெழுத்துக்காக ஆபீஸிலும் காத்திருக்க வேண்டியிருக்குமே என்று கமலாட்சி நினைத்தாள். காத்திருக்கட்டும்.

வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது. “என் அறையில் இந்த இழுப்பறை நான் வந்த நாளிலிருந்தே எனக்காகக் காலியாக இருக்கிறதாம். நான்தான் திறந்து பார்க்கவில்லை.”

கூடவே ஒரு படம், அந்த இணையத்தில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. ஒரு மர பீரோ. பாதி இழுத்த இழுப்பறை. அதன் விளிம்பில் மாவு ஒட்டிய ஒரு பெண்ணின் கை. உள்ளே பூப்போட்ட காகிதம் சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அதன் ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டம்போட்ட சட்டை, மடித்த மடிப்போடு.